தலை கழுவ வந்த மாமி

பலேர்மோவில் என் தங்கை வதனியின் வீட்டுக் கதவை நான் தட்டியபோது நல்ல நடுப்பகல். கதவு திறந்தது. உள்ளே ஒரே இருட்டு. யன்னல்கள் எல்லாவற்றிலும் கம்பளிகளை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். "வாங்கோ அண்ணை, மெல்லமாக் கதையுங்கோ" என்று குரல் மட்டும் வந்தது. செத்த வீட்டுக்குள் வந்துவிட்டேனோ என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

சாவு இல்லை, பிறப்புத்தான். பெண்குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. தகப்பனின் ஆட்களுடைய வழக்கப்படி, பெயர் வைக்கும்வரை குழந்தைமேல் வெயில் படக்கூடாதாம். கண் பழகியபின் பார்த்தேன். குழந்தை ஒரு மூலையில் படுத்திருந்தது, பக்கத்தில் துணை போல ஒரு வெள்ளைச் சோளக்கதிர். தலை நிறையக் கறுத்த மயிர். சோளக்கதிரை ஏன் படுக்கவைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அதுவும் ஒரு தாய்தானாம், அவர் வைத்தவர் என்றாள். லண்டனில் தபால் பிரிக்கும் வேலையில் நான் பார்க்காத விசித்திரப் பொதி இல்லை. இது அவை எல்லாவற்றையும் தோற்கடித்தது.

அந்த 'அவர்' மார்வின். அரிசோனாப் பாலைநிலத்தில் மேசைபோல் உயர்ந்து நிற்கும் மலைகளின்மேல் ஊர் கட்டி வாழும் ஹோப்பி என்ற பூர்வகுடி மக்களில் ஒருவர். சிசிலித் தீவின் மறுபக்கத்திலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்கு வந்தவர், வேலையை விட்டுவிட்டு இங்கேயே தங்கி, நகர ஓரத்துச் சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டமொன்றில் கூலி செய்கிறார். நகர நடுவில் பொலிதேயாமாப் பக்கம் வதனி வீட்டுவேலை செய்த சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டுக்குப் பழக்கூடை கொண்டுவந்து கொடுத்துக் கொடுத்துத்தான் கல்யாணத்தில் முடிந்தது. படத்தில் பார்த்தபோது எங்கள் ஊர் ஆள் போலவே இருந்தார். தலைமயிர் மட்டும் தோளைத் தாண்டித் தொங்கியது.

ஆமிக்குப் பயந்து யாழ்ப்பாணமே ஊரைவிட்டு எழும்பி நடந்த மறுவருடம் அது. அம்மா கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் முடங்கிக் கிடந்தாள். வதனி அவசரத்துக்குக் கூப்பிட என்னைவிட்டால் ஆள் இல்லை. கூப்பிட்ட காரணத்தைக் குசினிக்குள் வைத்துத்தான் சொன்னாள்.

"அவரின்ரை அக்கா அமெரிக்காவிலையிருந்து வாறாவாம். பிள்ளைக்குத் தலை கழுவிப் பேர் வைக்க எண்டு சொல்லுறார். பேர் வைக்கிறதுக்கு ஆரும் இவ்வளவு காசு செலவழிச்சுப் பறந்து வருவினமே அண்ணை? பிள்ளையைக் கொண்டுபோகத்தான் வாறா."

இந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றியவர் கீழ்மாடி றீற்றா அக்கா. மன்னார்க்காரி. கோயில் பங்கில் அவருக்குத் தெரியாமல் ஒரு ஞானஸ்நானம் நடக்காது. முன்பு தான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவின் மகளை அமெரிக்கன் ஒருவன் கட்டி, பிறகு பிள்ளையோடு விமானம் ஏறியவன் திரும்பவேயில்லை என்று சொல்லியிருக்கிறார். வதனியைத் தேற்றலாம் என்றுதான் பார்த்தேன். எங்கள் ஊரில் மட்டும் என்ன? பிள்ளை தகப்பன் பகுதிக்குத்தானே. முதலெழுத்திலிருந்து கொள்ளி வைப்பதுவரை அவர்கள் கணக்குத்தான். பிள்ளைக்கு மாமி முறையான அந்த அக்கா வந்து "எங்கள் குருதி, தாருங்கள்" என்று கையை நீட்டினால் எந்த வாயால் மறிப்பது?

அடுத்த நாள் மார்வினின் முகத்தைப் படிக்கலாம் என்று தோட்டத்துக்குப் புறப்பட்டேன். பஸ்காரர்கள் வேலைநிறுத்தம். தரிப்பிடத்தில் நின்ற கிழவர் ஒருவர், இன்றைக்கு வராது, நாளைக்கும் அநேகமாக வராது என்று ஏதோ நற்செய்தி அறிவிப்பதுபோல் சொன்னார். பசிக்குத் தெருவோரத்தில் ஆவி பறக்கிற பாண் ஒன்று வாங்கினேன். உள்ளே கறுப்பாக ஈரல்போல் ஏதோ. பாதி தின்றபின், அது மாட்டின் மண்ணீரலும் நுரையீரலும் என்று விற்றவன் தன் விலாவைத் தட்டிக் காட்டி விளக்கினான். மிச்சப் பாதியையும் தின்றுவிட்டேன். ருசி அப்படி. பிறகு மூன்று சில்லு வண்டிக்காரன் ஒருவன் ஆட்டிச்சோக்கு என்ற மரக்கறிக் கட்டுகளுக்கு நடுவே என்னையும் ஒரு கட்டாக ஏற்றிச் சியாகுல்லியில் இறக்கினான்.

மார்வின் அதிகம் பேசமாட்டார். பங்குனியிலும் மரத்தில் நிற்கிற மண்டரினை உரித்து என் கையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். தோட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தை மட்டும் சும்மா விட்டிருந்தார். போன வருடம் அங்கே நீலச்சோளம் போட்டாராம். முழங்கை ஆழத்துக்குக் கம்பால் குத்தி, ஒரே குழியில் பத்துப் பன்னிரண்டு விதை. தண்ணீர் ஊற்றவில்லை. சிசிலிக்காரர்கள் சிரித்தார்கள், பிறகு முளைத்தது. அவர் ஊரில் ஆறும் இல்லை, குளமும் இல்லையாம். எண்பது மைல் தள்ளியிருக்கிற மலையில் கூடுகிற மழையை நம்பி ஆயிரம் வருடமாக அங்கேயே இருக்கிறோம் என்று, பக்கத்துக் கடையைச் சொல்வதுபோல் சொன்னார். மழையை அழைத்துவர அவர்களிடம் ஆவிகள் உண்டென்று வதனி சொல்லியிருந்தாள், அதைப் பற்றிக் கேட்டேன். அதைப் பற்றிக் கதைப்பதில்லை என்று மண்ணைப் பார்த்தார்.

வீடு யாருக்கு என்ற கதை எப்படியோ வந்தது. தாய் வீடு அக்காவுக்குத்தானாம். வீடும் விளைச்சலும் பெண்களுக்கு. ஆண் மனைவி வீட்டில் போய் இருப்பான். அவன் சரிவராவிட்டால் அவனுடைய உடுப்பும் குதிரைச் சேணமும் ஒரு காலை வாசலுக்கு வெளியே கிடக்கும். சண்டையும் இல்லை, வழக்கும் இல்லை, எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போகவேண்டியதுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, திடுக்கிடவும் செய்தது. எங்கள் பக்கத்திலும் சீதனவீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை அங்கேதான் போவார், ஆனால் அவருடைய வேட்டியை வெளியே எறிந்ததாகச் சரித்திரம் இல்லை. வதனிக்கு எழுதிய வீட்டிலும் இப்போது ஆமி இருக்கிறது என்றேன். மார்வின் ஏணியிலிருந்து இறங்கி, இன்னொரு மண்டரினை உரித்துத் தந்தார்.

கேட்கவேண்டியதைக் கேட்காமலே திரும்பினேன். முதன்முதல் சந்திக்கிற மச்சானிடம், என் தங்கையின் பிள்ளையைக் களவெடுக்கிற யோசனை இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

மறுநாள் முப்பத்தோராம் நாள், எங்கள் முறையில் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிகிற நாள். மார்வின் தோட்டத்துக்குப் போன பிறகு வதனி முழுகி, ஈரத்தலையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, மொட்டை அடிப்பம். எங்கடை முறை முந்தி நடந்திட்டா அது எங்கடை பிள்ளை. பிறகு ஆர் என்ன கேக்கிறது?"

அது சட்டமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டதும் சரியென்றே பட்டது. இன்னொன்றும் பட்டது. அந்த மாமி தலை கழுவத்தானே வருகிறாள், மொட்டைத் தலை என்றால் கழுவச் சுகம்தானே. இப்படி ஒரு புத்தி எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும்.

வதனியின் வீடு இருந்த ஒரேத்தோப் பகுதியிலேயே இரண்டு தெரு தள்ளி ஒரு மொரிசியஸ்காரர் இருந்தார். ஐந்தாறு தலைமுறைக்கு முன் கப்பலேறிய தமிழரின் வாரிசு. தமிழில் 'முருகா' ஒன்றுதான் மிச்சம். பகலில் ஒரு வக்கீல் வீட்டில் சமையல், தங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்கு மொட்டை அடிப்பதும் அவர்தான். அவரை வீட்டுக்கே கூட்டிவந்து, தாய்மாமன் மடி என்று என்னை இருத்தினார்கள். கத்தி பட்டதும் பிள்ளை வீறிட்டது, அவர் முருகா முருகா என்றார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தலை பளபளவென்று வந்தது. சந்தனம் பூசினாள் வதனி. மயிரைக் கடலில் விட ஒரு மஞ்சள் துணியில் முடிந்துவைத்தாள்.

அன்று பின்னேரமே மாமியை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனேன். ரோமிலிருந்து வருகிற ரயிலை அப்படியே பெட்டி பெட்டியாகக் கப்பலுக்குள் தள்ளிக் கடலைக் கடத்தித் தருகிறார்கள். மூன்று மணித்தியாலம் பிந்தி வந்தது. நான் ஒரு பயங்கரியை எதிர்பார்த்து நின்றேன். கட்டையான, நாற்பது வயதுப் பெண் ஒருத்தி ஜீன்ஸோடு இறங்கினாள். பெயர் லொறேன், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கையில் ஒரு பிஸ்கற் தகரம். கப்பலுக்குள் போன ரயிலைப் பற்றி வியந்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உன் தங்கைக்கு ஒரு செய்தி கொண்டுவந்திருக்கிறேன். அவள் வடிவில்லை, சோம்பேறி, சமைக்கத் தெரியாது. எங்கள் அப்பாவின் சகோதரிகள் சொல்லிவிட்டார்கள்."

எங்கள் ஊரில் இதில் பாதியைச் சொன்னாலே இரண்டு பரம்பரைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. லொறேனோ சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். கல்யாணமென்றால் மாப்பிள்ளையின் மாமிமார் வாளி வாளியாகச் சேறு கொண்டுவந்து, மாப்பிள்ளையின் தாய் வீட்டாரைப் பிடித்துப் பூசுவார்களாம். எங்கள் செல்லத்தை இந்த உதவாக்கரைப் பெண்ணுக்கா கொடுத்தீர்கள் என்று சண்டை. எவ்வளவு சேறோ அவ்வளவு பாசம். மார்வின் இங்கே சொல்லாமல் கட்டிக்கொண்டதால் அவர்களின் சேறு வீணாய்ப் போயிற்றாம். அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதனாலேயே வழி முழுக்க மொட்டைக் கதையை எடுக்காமல் வந்தேன்.

வீட்டில் தகரத்தைத் திறந்தாள். சாம்பல் நிறத்தில் கடதாசிச் சுருள்கள். பொதி செய்த தாளென்று நினைத்து நான் எடுத்துக் கசக்கப்போக, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீலச்சோள மாவைச் சூடான கல்லில் வெறும் கையால் இழுத்துச் சுடுகிற அப்பமாம். வாயில் வைத்ததும் கரைந்தது. பிறகு அவள் கை கழுவிக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். வதனி பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தாள். லொறேன் தன் ஊர் மொழியில் ஏதோ கொஞ்சிக்கொண்டே பிள்ளையின் தொப்பியைக் கழற்றினாள்.

கொஞ்சல் நின்றது. தொப்பி அவள் கையிலேயே இருந்தது.

"யார் செய்தது? கோயிலா, அரசாங்கமா?"

நாங்கள்தான் என்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. வெளியே போய் மாடிப்படியில் இருந்துவிட்டாள். சற்று நேரத்தில் பழப்பெட்டியோடு வந்த மார்வின் அவளைக் கடந்து உள்ளே வந்து, பிள்ளையைப் பார்த்து, பெட்டியை நிலத்தில் வைத்தார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. மயிர்தானே, வளரும் என்றேன்.

அப்போதுதான் அவர் பேசினார். தன் தாயின் தகப்பன் சின்னப்பிள்ளையாக இருக்கையில் பட்டாளத்துக்காரர்கள் ஊருக்குள் வந்தார்களாம். பிள்ளைகளைச் சோளக் குவியலுக்குள் ஒளித்தார்கள், கிளறி எடுத்தார்கள். வண்டியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் முதல் வேலையாகத் தலைமயிரை வெட்டினார்கள். மயிர் என்றால் அவர்களுக்கு மழை. பிள்ளைகளைத் தரமாட்டோம் என்ற தகப்பன்மாரைக் கடல் நடுவில் ஒரு பாறைச் சிறையில் அடைத்தார்கள், கடலைக் கண்ணால் காணாத மனிதர்களை. பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தாலேயே ஊர் இரண்டுபட்டது. அனுப்புவோம் என்றவர்களும் மாட்டோம் என்றவர்களும் நிலத்தில் ஒரு கோடு கீறி, ஒருவரையொருவர் தள்ளிப் பார்த்தார்கள். தோற்றவர்கள் அன்றைக்கே பெண்டு பிள்ளைகளோடு ஊரைவிட்டு வெளியேறினார்கள். மார்வின் இதையெல்லாம் குரல் உயர்த்தாமல் சொன்னார். ஒரே நாளில் ஊரைவிட்டு நடப்பது என்ன என்று அம்மா சொல்லி எனக்குத் தெரியும்.

அவருக்கு ஒரு பெயர்தான் வேண்டியிருந்தது. அதை அக்காவின் கை மட்டும்தான் கொடுக்கமுடியும், அதுவும் தலை கழுவித்தான். அது இல்லாவிட்டால் தன் ஊரில் இந்தப் பிள்ளையைக் கூப்பிட ஒரு சொல் இருக்காது என்றார்.

அடுத்த நாள் காலை லொறேன் பையை அடுக்கத் தொடங்கினாள். சோளக்கதிரையும், தலை கழுவவென்று கொண்டுவந்த நுரைக்கிற கிழங்கையும் மாவையும் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றினாள். தப்பினோம் என்று வதனி சந்தோசப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் மார்வினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வேலைக்குப் போகவில்லை. வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தில் இருந்தார். திடீரென்று வதனி எழும்பி லொறேனுக்கு முன்னால் போய் நின்றாள். அண்ணை, சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ என்றாள்.

"பிள்ளையைக் கொண்டுபோகத்தானே வந்தனீங்கள்? அதுக்குப் பயந்துதான் மொட்டை அடிச்சனான். அவரிலை ஒரு பிழையும் இல்லை. ஆனா பிள்ளையைத் தரமாட்டன்."

நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். லொறேன் துணி சுற்றிய கையை நிறுத்தினாள். இத்தனை நாளும் அதிர்ச்சியடைவது என் தொழிலாக இருந்தது. இப்போது அது அவளுக்கு மாறியது.

"கொண்டுபோகவா? இது எங்கள் பிள்ளையே இல்லையே."

வதனியின் முகம் சுருங்கிப்போயிற்று. மொட்டைக்காகக் கைவிடுகிறாள் என்று நினைத்திருக்கவேண்டும். லொறேன் தலையை ஆட்டிக்கொண்டு கட்டிலில் அமர்ந்து, என்னையும் அமரச் சொன்னாள். அவர்களிடம் பிள்ளை தாயினுடையதாம். தாயின் குலம், தாயின் வீடு, தாயின் சோளம். தன் பிள்ளைகள் தன்னுடையவை, தம்பியின் பிள்ளை அவன் மனைவியுடையது. தகப்பன் பகுதிக்குப் பாசமும் பெயரும் மட்டும்தான். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க வெள்ளைக்காரன் வரவேண்டியிருந்தது, நாங்கள் யாரும் அதை நினைத்ததில்லை என்றாள். பிறகு, உங்கள் குலம் எது, என் ஊரில் கேட்பார்கள், சொல்லவேண்டும் என்றாள்.

எங்களுக்குத் தகப்பன் வழி என்றேன். லொறேன் வாய்க்குள் கணக்குப் பார்த்தாள். நீங்கள் எங்களுடையது என்கிறீர்கள், நாங்கள் உங்களுடையது என்கிறோம், அப்படியென்றால் இந்தக் குழந்தைக்கு இரண்டு பக்கத்திலும் ஒருவரும் இல்லையே என்றாள். வதனிக்கு நான் அதைத் தமிழில் சொன்னேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

"யார் மடியில் வைத்து வெட்டினீர்கள்?" என்று லொறேன் கேட்டாள்.

என் மடியில், தாய்மாமன் நான் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து நன்றாகப் பார்த்தாள். அவர்கள் ஊரிலும் பிள்ளையைத் திருத்துகிறவன் தாயின் சகோதரன்தானாம். விடியற்காலையில் எழும்பாத பிள்ளைமேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிறவனும் அவன்தான், தகப்பன் செல்லம் கொடுக்கமட்டும்.

"பள்ளிக்கூடத்துக்காரனுக்கு அந்த உரிமை இல்லை. உனக்கு இருக்கிறது. அதனால் உன்னோடு நான் சண்டை பிடிக்க ஏலாது" என்றவள், பிடிக்க ஆசைதான் என்றும் சேர்த்துக்கொண்டாள். பிறகு பையைத் திறந்து கிழங்கை வெளியே எடுத்தாள்.

அடுத்த விடியற்காலை, உடுப்புத் தோய்க்கிற நீலப் பிளாஸ்ரிக் பேசினில் அந்தக் கிழங்கைத் தட்டிப்போட்டுக் கலக்கினாள். சீயாக்காய் தோற்றுப்போகும், அவ்வளவு நுரை. முதலில் தாய்க்கும் தகப்பனுக்கும் கழுவவேண்டும் என்றாள். கல்யாணத்தில் கழுவாத தலைகள் அவை. பெண்ணின் தலையை மாப்பிள்ளை பகுதி கழுவும், மாப்பிள்ளையின் தலையைப் பெண் பகுதி கழுவும். பெண் பகுதியில் பெண்கள் செய்யவேண்டியது, ஆனால் இங்கே இருப்பது நான் ஒருவன். எங்கள் கல்யாணங்களில் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவியிருக்கிறேன். அவ்வளவு நீளத் தலையைக் கழுவியது அன்றுதான். இரண்டு பேரின் மயிரையும் ஈரத்தோடு ஒன்றாக முறுக்கினாள் லொறேன். அந்த முறுக்கிலிருந்து வடிந்த நுரைத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பிள்ளையின் மொட்டைத் தலையில் விட்டாள். சோளக்கதிரைத் தோய்த்து நான்கு தரம் தலையைத் தொட்டாள். பெயரைச் சொன்னாள். அவர்களுடைய குலமான மழைக் குலத்துப் பெயர். வெறும் நிலத்தில் முதல் மழைக்குக் கிளம்புகிற பச்சை என்று அர்த்தமாம். ஊரிலிருந்து வேறொரு பெயரோடு வந்தவள், நேற்று அதை மாற்றிவிட்டதாகச் சொன்னாள். மார்வின் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. பிள்ளையைச் சூரியனுக்குக் காட்டவேண்டும். அந்த வீட்டு யன்னல்களோ எதிர்ச்சுவரைத்தான் பார்த்தன. கீழே இறங்கித் தெரு முனைக்குப் போகவேண்டும். தகப்பனின் சகோதரிதான் பிள்ளையை வீட்டைவிட்டுத் தூக்கிப்போவது வழக்கம். லொறேன் ஒரு கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.

வதனி என்னைப் பார்த்தாள். அவள் பிள்ளையை ஒரு தரம் மோந்துவிட்டு, லொறேனின் கையில் வைத்தாள்.

"கொண்டுபோங்கோ" என்றாள்.

லொறேன் படியில் கால் வைக்கவில்லை. அவள் இங்கிலீஷில் சொன்னதை நான் வதனிக்குத் தமிழில் சொன்னேன்.

"நீயும் வா. தாய் கூட வராவிட்டால், இது யாருடைய பிள்ளை என்று சூரியனுக்கு எப்படித் தெரியும்?"

வதனி ஈரத்தலையோடு செருப்பைத் தேடினாள். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு அவர்களுக்கு முன்னால் படியிறங்கினாள்.